ஐந்தாவது கோடு

வெள்ளிக்கிழமை. பாலிநகர் மாதர் சங்கக் கட்டடம்.
மேசையில் கடன் கொப்பி, பக்கத்தில் பிரஷர் மெசின்.
மெசின் சீட்டுக் காசில் வாங்கியது.
பெயர், தவணை, மிச்சம், கையெழுத்து என்று
நாலு கோடு அடித்திருந்த கொப்பியில்
இப்போது ஐந்தாவதும் உண்டு.
அதற்குள் ஒன்றின் கீழ் ஒன்றாய்
இரண்டு இலக்கம், பின்னக் கணக்குப் போல.

கனகாம்பிகை இடக்கையை நீட்டமாட்டாள்.
"இதுக்குள்ள பீஸ் கிடக்கு, மற்றதில போடு."
புவனலோஜினிக்கு மற்றது இல்லை.
இருக்கிற ஒன்றைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தருவாள்.
பட்டி இறுகும், காற்று ஏறும், கதைக்கக் கூடாது.
எங்கள் சங்கத்தில் வாய்கள் மூடியிருக்கும்
ஒரே ஒரு நிமிசம் அது.

போன சிறுபோகத்தில் அமிர்தசெல்வம்
வரம்பில் சரிந்தான்.
வாய் கோணியது, வெயில் என்றோம்.
சொல் குழறியது, கள்ளு என்றோம்.
தேசிக்காய்த் தண்ணி பருக்கினோம், புரைக்கேறியது.
நூல் கட்டி, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றியபோது
பின்னேரமாகிவிட்டது.
டொக்டர் எங்களை ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

பிறகுதான் குடும்பநல மாது வந்து சொல்லித் தந்தாள்:
சிரிக்கச் சொல்லுங்கோ, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கோ,
பெயரைக் கேளுங்கோ,
ஒன்று பிசகினாலும் உடனே
ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுக்கு அடியுங்கோ.
எங்களுக்கு அது ஒரு வருசம்.
உலையில் அரிசியை விட்டுவிட்டு ஓடின வருசம்.
இப்போது அது அம்புலன்ஸ்.
ஒருவரும் பேசவில்லை.
"ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா
நான் எங்க போறது?" என்றாள் புவனலோஜினி.
கட்டடம் இடிய இடியச் சிரித்தோம்.

மல்லாவிக் கிளினிக் செவ்வாயில்,
நம்பர் எடுக்க விடிய ஐந்துக்குப் போகவேண்டும்.
குளிசையைப் பாதியாய் உடைத்து
ஒரு மாதத்தை இரண்டாக்கியவர்களைக்
கொப்பிதான் காட்டிக்கொடுத்தது.
"தலை சுத்தேல்லை, பிறகேன் குளிசை?"
கருவாடில்லாமல் சோறு இறங்காத தவமலரிடம்
நான் நாடி நரம்பு கதைக்கவில்லை.
உப்பும் வட்டிக்காரன்தான் பிள்ளை,
தரும்போது சிரிப்பான் என்றேன்.
அவளுக்கு அது விளங்கும்.

போன வெள்ளி
கம்பனிக் காசு தண்ட வந்தான் கஜீபன்.
முப்பத்தொரு வயது.
காலையிலிருந்து ஏழாவது ஊர்.
ஏழிலும் ஒரு மிடறு தண்ணி கொடுக்க ஆளில்லை,
ரோல்சும் சோடாவும் சிகரட்டும்தான்.
கதிரையில் இருந்தவனின் கையைப் பிடித்து
பல்லால் பட்டியை இழுத்துக் கட்டினாள் புவனலோஜினி,
கேட்கவே இல்லை.
நூற்றெண்பத்தாறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு.
மெசின் பிழை என்றான்.
எனக்குப் போட்டோம். மெசின் பிழையில்லை.
பத்து நிமிசம் இருத்திவைத்து அவனுக்குத் திரும்பப் போட்டோம்.
இறங்கவில்லை.
"மாச முடிவக்கா, மேல இருந்து கோல் எடுத்தபடி இருக்கிறாங்கள்."
அவனிடமும் தண்டுவதற்கு ஒருவன் இருக்கிறான்.
அவனுக்கென்று நாங்கள் வைத்திருந்த வசவு
அன்று எடுபடாமல் கிடந்தது.

கொப்பியில் அவனுக்கு இடமில்லை,
அங்கத்தவனும் இல்லை, கடனாளியும் இல்லை.
கடைசிப் பெயருக்குக் கீழே எழுதினேன்.

செவ்வாய் விடிய அவனுக்கு நம்பர் இருபத்தொன்று.
முன்னால் நின்றவர்களில் ஆறு பேர்
அவனுக்குத் தவணை கட்டுகிறவர்கள்.
ஒருவரும் இடம் விடவில்லை.

இந்த வெள்ளி வந்தான்.
குளிசை மட்டையை எடுத்துக் காட்டினான்,
மூன்று குழி வெறுமை.
கை நீட்டினான். நூற்றைம்பத்தெட்டு.
எழுதி முடிக்குமுன்
ரசீதுப் புத்தகத்தையும் எடுத்தான்.
தவமலர் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்:
"இரடா, முதல் எனக்கும் அமத்திப் பார்க்கட்டும்.
காசை எண்ணினாப் பிறகு
ஏறித்தான் காட்டும்."