கடைசிக் கழுவுநீர்

செப்டம்பர் நடு. ககேத்தியின் ஆண்கள் எல்லாம்
கொடி வரிசைகளில் கூடையோடு.
தாழியின் வாய்க்குள் நுழையும் ஒடுங்கிய தோள்
வீட்டில் எனக்கு மட்டும்தான்.

கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி,
இரண்டாள் ஆழம்.
முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கினோம்.
அணையவில்லை.
பிறகு என்னை.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பவள் நஸிப்ரோலா,
என் ஓரகத்தி.
உப்பு தீர்ந்தாலும்
பிள்ளைகளைத் தூது அனுப்பி
மூன்று வருடம் ஓட்டிவிட்டோம்.

உள்ளே இறங்குபவர் ஓயாமல் குரல் கொடுக்க வேண்டும்.
பழைய புளிப்பின் மூச்சு அடியில் படுத்திருக்கும்,
ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.
மற்ற வீடுகளில் பாடுவார்கள்.
எனக்குப் பாட வராது. எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, நாற்பது,
நூற்றுப் பன்னிரண்டு.

செர்ரிப் பட்டை கட்டிய தேய்ப்பான்,
ஒரு வாளி சாம்பல் தண்ணீர்.
மேலிருந்து எட்டிப் பார்த்தபோது
சுத்தமாகத்தான் தெரிந்தது.
விரல் வைத்தால் வழுக்குகிறது.
போன வருடத்துக் காடி
கண்ணுக்கு அகப்படாத துளைகளில்
குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"மெதுவாகத் தேய்க்கிறாய்" என்றாள் மேலிருந்து,
என்னிடம் இல்லை, கயிற்றிடம்.
"திருடி" என்றேன் பல்லுக்குள்.
மண் சுவர் அதை வாங்கிச் சுற்றியது.
திருடி, திருடி, திருடி.
மூன்று முறையும் என் குரலில்
என் உச்சந்தலையில் வந்து இறங்கியது.

எண்கள் மறந்துபோயின.
வாய்க்கு ஏதாவது வேண்டுமே என்று
தவக்காலத்தில் கோவிலில் வாசிக்கும்
அந்த மனம் கசிந்த சங்கீதத்தைத் தொடங்கினேன்.
கழுவும் என்று கேட்கும் இடம் வந்தது, சொன்னேன்.
இதயம் கேட்கும் இடம் வந்தது.
நாற்பது வருடமாகச் சொன்ன வரி
நாக்கில் இல்லை.

கயிறு விறைத்தது.

பிறகு அவள் குரல்,
சந்தையில் வெங்காய விலை சொல்வதுபோல்,
அடுத்த வரியைச் சொன்னது.
நான் அதற்கடுத்ததை.
அவள் ஒன்று. நான் ஒன்று.
தேய்ப்பான் நிற்கவில்லை.

முடிந்ததும் பேச ஒன்றும் மிச்சமில்லை,
பேசாமல் இருக்கவும் கூடாது.
அதனால் சொன்னேன்:
எல்லை வரிசையில் நீ என்னைக் கேட்காமல்
கவாத்து செய்தாயே, அந்தப் பிப்ரவரி,
கொடியைக் கொன்றாய் என்று
குருத்து ஞாயிறு அன்று ஊர் முன்னால் கத்தினேனே,
அந்த வருடம் அந்த வரிசை
பதினோரு கூடை கொடுத்தது.
அதற்குமுன் நாலைத் தாண்டியதில்லை.
நீ பார்க்கக் கூடாதென்று
இருட்டிய பிறகு சுமந்தேன்.

மேலே வட்டமான வானம்.
அதில் அவள் தலை இல்லை.
எங்கோ ஒரு டிராக்டர் இருமியது.
ஒரு துண்டுக் காற்று இறங்கி வந்து
வியர்வையைத் தொட்டது.

"பதின்மூன்று" என்றாள்.
"எண்ணினேன். எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து."

சிரித்தாளா, தெரியவில்லை.
தாழிக்குள் எல்லாச் சத்தமும்
ஒரே மாதிரி ஒலிக்கிறது.

சுண்ணாம்பு நீர் பிறகு நல்ல நீர், ஏழு வாளி.
என் கக்கத்தில் கைகொடுத்து வெளியே தூக்கினாள்.
மாரானியின் சுவரில்
கொடிக் கட்டையில் செய்த சிலுவை,
எங்கள் நாட்டுச் சிலுவை,
இரு கையும் சற்றே தாழ்ந்து, களைத்த ஆளைப்போல்.
வாசலுக்கு அப்பால் கூடைகள் வந்து வரிசைகட்டின.
குளவிகள் மொய்த்தன.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு:
கடைசிக் கழுவுநீரைக் குடிக்க முடிந்தால்தான்
தாழிக்குப் பழம்.
நஸிப்ரோலா குவளையில் மொண்டாள், முகர்ந்தாள்,
ஒரு வாய் வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
குவளையை என்னிடம் நீட்டினாள்.
நானும் குடித்தேன்.
அடி நாக்கில், மிக மெல்லியதாக,
இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.
மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன்.
கயிற்றை அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.