பெயர் பிறகு

அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது,
மண்ணிறப் போத்தல், கழுத்து வரை தூசி.
லேபிளைக் கறையான் தின்றிருந்தது.
மிச்சம் ஓர் எழுத்தின் கால்,
அதற்கப்பால் கறையானின் கையெழுத்து.

பம்பைமடுவில் மூன்று நாளாய் மழை.
ஈரநீக்கி இருமி இருமி
வானத்தை வாளியில் சொட்டுகிறது.
ஷிப்னாஸ் பதிவேட்டைத் திறந்து
"அடையாளம் தெரியாத" என்று தொடங்கினான்.
கஜவதனி பேனையைப் பிடித்தாள்.
ஏன் என்று சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.
வெட்டிவிட்டு அவளே எழுதினாள்: பெயர் பிறகு.
நான் ஆய்வுகூட உத்தியோகத்தர்.
அந்த நிரலில் எந்தச் சொல் வரவேண்டும் என்று
சுற்றறிக்கையே இருக்கிறது.
திருத்தவில்லை.

மூடியைக் கழற்றியதும் மணம்.
விளையாட்டுப்போட்டிக்கு முதல்நாள்
முழங்காலில் தேய்க்கிற அதே மணம்.
மூவருக்கும் தெரிந்தது. மூவரும் பேசவில்லை.
மணம் சாட்சி அல்ல.
தெரிந்த முகம் மாதிரி இருக்கு என்றால்
பதிவேடு ஏற்காது.

உப்புத் தட்டுகள் இரண்டு, குற்றிக்காசு அளவு.
ஆனையிறவில் விளைந்தவையல்ல, குணம் மட்டும் அதே:
தண்ணீரைக் கண்டால் தன்னை மறக்கும்.
வெறும் விரலால் தொடாதே என்பதற்குள்
ஷிப்னாஸ் தொட்டுவிட்டான்.
விளக்கில் பிடித்தால் அவனுடைய பெருவிரல்
சுழிசுழியாய் உப்பில் இறங்கியிருந்தது.
மினுக்கி எடுக்க அரை மணித்தியாலம்.

முதலில் வெறுங்காற்றை வாசித்தோம்.
அதிலும் எழுத்து உண்டு. ஈரம் ஒரு பற்றை;
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில்
நாங்கள் விட்ட மூச்சு.
அதைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால்
மருந்தின் பெயரில் எங்களையும் சேர்த்து எழுதிவிடும்.

பிறகு ஒரு துளி, மேலே மற்றத் தட்டு.
செங்கீழ்க் கதிர் உள்ளே போனது.
பிணைப்புகள் தத்தம் தாளத்துக்குப் பொருந்திய பங்கை
எடுத்துக்கொண்டு அதிரும்.
எங்கள் வேலை, மறுகரைக்கு
வந்து சேராத வெளிச்சத்தை எண்ணுவது.
இதை மாணவருக்கு வருடா வருடம் சொல்கிறேன்.
இன்றைக்குச் சொல்லும்போது
யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கோடு நடந்தது.
மூவாயிரத்து இருநூறுக்குச் சற்றுத் தள்ளி
வரம்பு கரைந்த வயலாய் அகன்ற சரிவு. ஐதரொட்சில்.
பிறகு நேர்க்கிணறு: ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு.
காபனைல்தான், ஆனால்
"எசுத்தர் எண்டால் எழுநூறுக்கு மேலதானே நிக்கவேணும்?"
ஷிப்னாஸ் அட்டவணையை விரலால் உரசினான்.
மூக்கு சொன்னது ஒன்று, எண் சொன்னது ஒன்று.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

இருட்டில் மழை பெரிதாகக் கேட்டது.
கஜவதனி தொலைபேசி வெளிச்சத்தில்
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வளையம் கீறினாள்.
வளையத்தில் காபனைல். பக்கத்து மூலையில் ஐதரொட்சில்.
இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு.
"பக்கத்துவீட்டான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.
துள்ள விடான். அதுதான் இறங்கியிருக்கு."
ஒருவரைத் தனியே வைத்து எழுதிய அட்டவணை
அயலோடு நிற்கும்போது பிழைக்கும்.
இதை நான் அவளுக்குப் படிப்பித்திருக்கவில்லை.

ஜெனரேற்றர் உறுமியது. திரும்ப ஓட்டினோம்.
ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே கைரேகைப் பகுதி,
ஒரு சேர்வைக்கு உள்ளது இன்னொன்றுக்கு இல்லாத
குழப்பமான சிறு பள்ளங்கள்.
பழைய படத்தை மேலே வைத்தோம்.
எழுநூற்று ஐம்பத்தேழு வரை
பள்ளத்தில் பள்ளம் விழுந்தது.

மெதைல் சலிசிலேற்று.
"'பிறகு' எண்டதை வெட்டவோ?" ஷிப்னாஸ் கேட்டான்.
"விடு, பக்கத்தில இடம் கிடக்கு."
எழுதி, திகதி போட்டு, ஊதிக் காயவைத்தாள்.

உப்புத் தட்டுகளைக் குளோரோபோமில் கழுவி
ஈரமுறிஞ்சிப் பெட்டிக்குள் வைக்கும்போது பார்த்தேன்:
ஒன்றின் ஓரத்தில் அந்தப் பெருவிரலின் ஒரு சுழி
மினுக்கியும் போகாமல் இருக்கிறது.

அடித்தட்டில் இன்னும் நாலு போத்தல்.