மூன்றாம் அங்கத்துக்கு ஒன்று

தோருன் நகர நாடக அரங்கில்
மேடைப் பொருட்களுக்கெல்லாம் பொறுப்பு போகுமிலா.
அவள் இழுப்பறையில்
பல் வைத்த அரவை டப்பி,
விரல் நீளப் பித்தளைப் புனல்,
பின்னலூசியை முறித்துச் செய்த திணிகுச்சி,
மெல்லிய காகிதக் கூம்புகள் ஒரு கட்டு,
வாய்முனைக்குச் சுருட்ட
விற்காமல் போன டிக்கெட்டுகள்
(அவற்றுக்குக் குறைவே இல்லை).

புகையிலை கூடாது என்பது அரங்க விதி.
ராஸ்பெரி இலை, கெமோமில், ஒரு சிட்டிகை புதினா.
உலுக்கித் திணித்து நுனியை முறுக்குவாள்.

இரவுக்கு ஒன்று.
அதையும் யாரும் புகைப்பதில்லை.
உதட்டில் வைத்துத் தீப்பெட்டியைத் துழாவும்போதே
கர்னலைச் சுட்டுவிடுவார்கள்.

"மரத்தூளை அடைத்துக் கொடேன்,
யாருக்குத் தெரியப்போகிறது?"
என்பான் ஸெனோன்,
முப்பத்தேழு முறை செத்தவன்.
அவள் குச்சியால் இன்னும் இரண்டு தட்டு தட்டுவாள்.

முப்பத்தெட்டாம் இரவு
துப்பாக்கி வெடிக்கவில்லை.
விசையை மறுபடி இழுத்தான் பையன்.
க்ளிக்.
பிறகு அவனும் ஓடிப்போனான்.

சாக வழியில்லாத ஸெனோன்
தீக்குச்சியைக் கிழித்தான்.

ஒருபக்கமாய் ஓடாமல்
வட்டம் குலையாமல் இறங்கியது கங்கு.
கெமோமில் வாசம் நான்காம் வரிசையைத் தொட்டது.
இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.
வசனமில்லாத ஒருவன் அங்கே
நாற்காலியில் சாய்ந்து
உயிரோடு இருந்தான், நான்கு நிமிடம்.

பக்கத்திரை மறைவில் போகுமிலா
அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.
சாம்பல் உதிர்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

மறுநாள் துப்பாக்கியைச் சரிசெய்துவிட்டார்கள்.
ஸெனோன் மாலையில் வந்து
கூம்பை வாங்கிக்கொண்டான்,
மரத்தூள் பேச்சை எடுக்காமல்.