விழுந்த கரி

தோல் பிளக்கும் மிஷினை ரிப்பேர் பார்க்க
ஆம்பூர் வந்தவன் எஃபீசியோ.
பிளேடு இன்னும் கப்பலில் இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாமா என்றான்.
வேலூர்க் கோட்டை, ஏலகிரி போட்டிங் என்று
நான் விரல் மடக்க
அவன் போனைத் திருப்பிக் காட்டினான்.
கடல் நடுவே ஒரு தீவு,
தீவில் அவன் ஊர்,
ஊரைவிட உயரமாய் ஓர் இரும்புக் கோபுரம்,
உச்சியில் சுற்றாத இரண்டு சக்கரம்.

அப்பா இதில்தான் இறங்கினார் என்றான்.
கரிக்காகவே கட்டிய ஊராம்.
கரி விலை போகாமல் ஆனதும்
ஊரை என்ன செய்வதென்று
ஒருத்தருக்கும் தெரியவில்லையாம்.

உங்கள் பக்கம் கரி உண்டா?

சுரங்கம் இல்லை, லோகோ ஷெட் இருந்தது என்றேன்.

பைக்கில் ஜோலார்பேட்டை.
என் தம்பியின் ஹெல்மெட் அவன் தலைக்குப் பத்தவில்லை.
வாணியம்பாடி தாண்டியதும் பின்னாலிருந்து ஏதோ பாடினான்,
லாரிகள் பாதியைக் கொண்டுபோயின.

காட்ட என்ன இருக்கிறது அங்கே?
சீமைக்கருவேலம். மழைநீர் தேங்கிய சாம்பல் குழி.
இன்ஜினுக்குத் தண்ணீர் விட்ட தூண் ஒன்று,
அதன் வாயில் மைனா வைக்கோல்.
எத்தனை இன்ஜின் நின்றது என்று கேட்டான்.
தெரியாது. நான் பிறப்பதற்குள் எல்லாம் டீசல்.
விருந்தாளியைக் கூட்டிவந்து
காலிப் பாத்திரத்தைத் திறந்து காட்டியவன்போல்
கூசி நின்றேன்.

அவனோ குந்தி உட்கார்ந்து
தண்டவாளச் சரளையைக் கிளறி
ஒரு கறுப்புத் துண்டை முகர்ந்தான்.
எங்களுடையதில் கந்தகம் ஜாஸ்தி என்றான்,
சித்தப்பாவின் குடிப்பழக்கத்தைச் சொல்வதுபோல.

வந்தது வந்தோம் என்று
பார்சம்பேட்டையில் அம்மாவைப் பார்க்கப் போனோம்.
"கரி ஊர்க்காரனா?" ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள் கெங்கம்மா.
பத்து வருஷம் லைனில் பொறுக்கியவள் அவள்:
இன்ஜின் குலுங்கி விழுந்தது,
ஃபயர்மேன் பார்த்து விழவிட்டது,
விழாமலே இவள் எடுத்தது.
கூடை கணக்கில் டீக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும்.

"கேளுடா, அங்க கீழ வுழுந்த கரி யாருது?"

கேட்டேன்.
அவன் உடனே பதில் சொல்லவில்லை.
எழுந்து, இடுப்பில் இல்லாத துணியொன்றைச் சேர்த்துப் பிடித்து
அதற்குள் எதையோ போட்டு, முடிச்சிட்டு,
சுற்றும் முற்றும் பார்த்தான்.
அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"இவங்கம்மாவும் மடிக்காரிதான்."

அப்புறம் போனில் மறுபடி படங்கள்.
இப்போது அந்தக் குழிக்குள் டிக்கெட் போட்டு
ஆட்களை இறக்குகிறார்கள்.
தலைக்கு விளக்கு தருவார்கள்.
நடுவில் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் அணைத்து
இருட்டைக் காட்டுவார்கள்.

"இருட்டுக்குத் துட்டா?
இவங்கப்பனுக்கு அதுல பங்கு இன்னா குடுக்கறாங்க?"

முதல் கேள்வியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அம்மா உள்ளே போய்
ரேஷன் கார்டு கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள்.
திருப்பத்தூர் கோர்ட்டில் கட்டிய அபராதம், பதினைந்து ரூபாய்.
மை பழுத்து, மடிப்பில் பிளந்திருந்தது.
அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.
"போட்டோ புடிச்சிக்கச் சொல்லு. தாளு தர மாட்டேன்.
துட்டு கட்டி வாங்கினது."

புதன்கிழமை பிளேடு வந்தது.
மாட்டி ஓட்டினான்.
முதலில் வந்த தோல்கள் ஓரம் மெலிந்து, நடுவில் தடித்து.
கேஜ் வைத்துப் பார்த்து
ரிஜெக்ட் என்று சாக்பீஸில் எழுதி அடுக்கினேன்,
நாற்பத்தொன்று.

சாயங்காலம் ஷிப்ட் மணி அடித்தது.
பெண்கள் வரிசையாக கேட்டுக்குப் போனார்கள்.
அதில் ஒருத்தியின் நடை
கொஞ்சம் விறைப்பாக இருந்தது.
எஃபீசியோ என்னைப் பார்த்தான்.
நான் மிஷினைப் பார்த்தேன்.

அடுக்கில் நாற்பது.
ரிஜிஸ்டரைத் திறந்து
நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.