வேர்முனை

தாயத்தைக் கழற்றச் சொன்னேன்,
உலோகம் படத்தில் வெள்ளையாக விழும்.
இசக்கிராசா கொஞ்சம் யோசித்து
கயிற்றோடு என் உள்ளங்கையில் வைத்தான்.
வியர்வைச் சூடு.

மோவாயை இங்கே வை.
இந்தக் குச்சியைக் கடி.
அசையாதே.
எந்திரம் அவன் தலையை ஒரு சுற்று சுற்றி நின்றது,
உப்பும் மிளகாயும் இல்லாமல்
திருஷ்டி கழிப்பதுபோல.

சயான் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஜன்னலில் ஜூலை மழை.
வெளியே பெஞ்சில் கான்ஸ்டபிள் காட்கே
நனைந்த தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
காயவைக்கிறார்.
தொண்ணூறடிச் சாலைப் பின்சந்தில்
ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில்
நேற்று பிடித்த பதினொரு பேரில் இவன் ஒருவன்.
ஆதார் இருக்கிறது. ஜனவரி ஒன்று என்கிறது.
பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும்
ஜனவரி ஒன்றில்தானே பிறக்கிறார்கள்.
நீதிபதி அதை ஒதுக்கிவிட்டுப் பல்லைக் கேட்கிறார்.

திரை வெளிச்சமானது.
கீழ்த்தாடை, இடப்புறம், வரிசையில் கடைசி.
ஈறுக்குள் சாய்ந்து படுத்திருக்கிறது
ஞானப்பல் என்று நாம் மரியாதை கொடுக்கிற
கடைவாய்ப் பல்.
மகுடம் முடிந்துவிட்டது.
வேர் இரண்டும் இறங்கியிருக்கின்றன,
முனைதான் மூடவில்லை:
ஓரம் மடித்துத் தைக்காத பேன்ட்போல
இரண்டு காலும் கீழே திறந்து கிடக்கின்றன.
நாளைக்கு இருநூறு கால் மடித்தடிக்கிறவன் வாயில்
இந்த இரண்டு மட்டும் பாக்கி.

"எத்தன வயசுக்கா?" என்றான்.
"சேட்டு பத்தொம்பதுன்னு சொல்லச் சொன்னாவ.
நெசமா எத்தனன்னு எனக்கும் தெரியணும்லா."

அட்டவணை ஓர் எழுத்தைத் தரும்.
எழுத்து ஒரு வயதைத் தரும்.
வயது, முன்னும் பின்னும் ஒன்றரை வருஷம் ஆடும்.
அந்த ஆட்டத்துக்குள்
பூட்டிய கேட்டோடு ஒரு காப்பகம் இருக்கிறது,
ஒரு தையல் மிஷின் இருக்கிறது,
மாதம் பிறந்தால் ஊருக்குப் போகிற நாலாயிரம் இருக்கிறது.

எனக்கும்
சான்றிதழில்தான் மே இருபது.
தலைக்கு மேலே கையை வளைத்து
மறுகாதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர்.
எட்டியது நடுவிரல் நுனி.
ஐந்து என்று எழுதிக்கொண்டார்.
இன்றைக்குப் பேனா பிடித்திருப்பதும் அந்தக் கைதான்.

படிவத்தில் ஒரே கட்டம், இரண்டு இலக்கத்துக்கு இடம்.
பதினேழு என்று நிரப்பினேன்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில்
ஒன்றரை வருஷம் கூடலாம், குறையலாம்.
காட்கே கட்டத்தை மட்டும் படித்தார்.
"சத்ரா" என்றார் போனில், இரண்டு தரம்.

பையன் என்னைப் பார்த்தான்,
கூலியில் பிடித்துக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல.
தாயத்தை வாங்கினான்.
கழுத்தில் கட்டவில்லை. மணிக்கட்டில் சுற்றி,
ஒரு கையாலும் முன்பல்லாலும்
முடிச்சை இழுத்து இறுக்கினான்.

லிஃப்ட் வந்தது.
ஏறியவன் கதவைக் கையால் தடுத்தான்.
"எந்த மாசம்னு அதுல தெரியாதாக்கா?"