இரவல் பதிவேடு

கொண்டலாம்பட்டிக் கிளை நூலகத்துக்கு
வெள்ளிக்கிழமை விடுமுறை.
அதனால் வியாழன் மாலை நெரிசல்.
நெரிசல் என்றால் ஒன்பது பேர்.

இரண்டு பக்கமும் விசைத்தறி.
ஒன்று நின்றால் மற்றது தொடரும்.
அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான்
'அமைதி காக்கவும்' என்று
எழுதி மாட்டியிருக்கிறது.

கொலுசுப் பட்டறைக் குணசீலன்
நாளிதழைப் புரட்டிவிட்டுப் போனால்
மூலைக்கு மூலை சாம்பல் நிறத்தில் விரல்.
அடுத்து எடுப்பவர் முகம் சுளிப்பார்,
பிறகு அதே மூலையைப் பிடித்துத்தான் திருப்புவார்.

விதி ஏழு: வாசிப்பறையில் உறங்கக் கூடாது.
இரவு ஷிஃப்ட் முடித்த ஒருவர்
ஏதோ ஓர் ஆண்டறிக்கையை
முகத்துக்கு நேராகப் பிடித்தபடி
நாற்பது நிமிடம் ஒரே பக்கத்தில் இருப்பார்.
கடினமான பக்கம் போலும்.
மின்விசிறியை ஓர் எண் கூட்டி வைப்பேன்.

அப்படியொரு வியாழனில்தான் சவுடப்பன் வந்தார்,
வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி.

'அம்சவேணி என் தங்கச்சி.
ஆறு மாசமா எங்க வீட்லதான் இருக்குது.
என்ன புஸ்தகம் எடுத்துட்டு வருதுன்னு பாக்கணும்.
தலகாணி உறைக்குள்ள வெச்சுப் படிக்குது.'

பதிவேடு மேசைமேல் திறந்தே கிடந்தது.
பெயர், உறுப்பினர் எண், நூல் எண், தேதி.
முழங்கையை நகர்த்தி அதன்மேல் வைத்தேன்.

'சொல்ல முடியாதுங்க.'

'அண்ணன் கேக்கறேன்.'

'அம்சவேணிக்கு அண்ணன்.
பதிவேட்டுக்கு இல்லீங்க.'

சட்டைப்பையிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்தார்,
நான்காக மடித்தது.
நூலக வரி என்ற இடத்தில் நகத்தால் குத்தினார்.
'என் காசுலதான் உங்க பல்பு எரியுது.'

உண்மை.
அவர் காசில்தான் பல்பு, பசை, முத்திரை மை.
அம்சவேணி தலையணைக்குள் வைத்திருப்பதையும்
அவர்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்,
தெரியாமல்.
தெரு முழுக்க இப்படி
யார் யாருக்கோ வாங்கிக் கொடுத்திருக்கிறது.
யார் எதைத் தொட்டார் என்று
யாரும் எண்ணாதவரைக்கும்தான்
அது எல்லாருடையது.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
தறிச் சத்தத்தில் கத்திச் சொல்கிற விஷயமா அது?

'சட்டப் புஸ்தகமா?' என்றார்.
'பரீட்சைக்கா?
சமையலா?
கதையா?'
கதைக்குத்தான் குரல் உயர்ந்தது.
எல்லாக் கேள்விக்கும் ஒரே முகத்தை
வைத்துக்கொள்வது லேசில்லை.
பத்தொன்பது வருடப் பயிற்சி.

'மேல எழுதிப் போடுவேன்.'
மாவட்ட அலுவலக முகவரியை
ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்,
பின்கோடு சேர்த்து.

அப்போது தறிகள் இரண்டு பக்கமும் நின்றன.
கரண்ட் போயிருந்தது.
ஜருகுமலைப் பக்கம் ஒரு இடி,
அதன் பின்னாலேயே மழை,
ஓட்டுக்கு மேல் உப்பைக் கொட்டியது மாதிரி.
ஆண்டறிக்கைக்காரர் விழித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

சவுடப்பனுக்கு வண்டி எடுக்க வழியில்லை.
மழைக்கு ஒதுங்க ரசீது வேண்டாம் இங்கே,
யாரென்றும் கேட்பதில்லை.
ஜன்னல் வெளிச்சம் விழுந்த ஒரே அலமாரியின் பக்கம்
முதுகைக் காட்டி நின்றார்.
ஒன்றை எடுத்தார். வைத்தார்.
திரும்ப அதையே எடுத்தார்.
சாவிச் சத்தம் எப்போது நின்றதென்று
நான் கவனிக்கவில்லை.

மழை விட்டது, கரண்ட் வந்தது,
தறி ஓடியது, குணசீலன் போனார்.
அலமாரிப் பக்கமிருந்து
பக்கம் திரும்பும் அசைவு மட்டும்.

பூட்டப் போகிற நேரத்தில் வந்து நின்றார்.
'மெம்பர் ஆகறதுக்கு என்ன வேணும்?'

'காப்புத்தொகை. அப்புறம் முகவரிக்கு ஒரு சான்று.
வீட்டு வரி ரசீது இருந்தாப் போதும்.'

சிரிப்பாரோ என்று பார்த்தேன். இல்லை.
நான்காக மடித்ததைப் பிரித்து
மேசைமேல் தேய்த்து நேராக்கினார்.

எங்கள் கிளையில் பதிவேட்டை வாசகரே எழுதுவார்,
முத்திரை மட்டும் நான்.
தனிப் பக்கம் பிரித்துக் கொடுத்தேன்.
பேனாவை வாங்கியவர்
இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டார்,
பக்கத்துப் பெஞ்சுக்காரன்
காப்பியடித்துவிடுவான் என்பது போல.

எந்தப் புத்தகம் என்று
இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.
நாளை வெள்ளி.
விளக்கை அணைக்கிறேன், நகருங்கள்.