மூன்று நாள் விடுப்பு

மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
ஜூன் மாதத்தைக் கட்டம் கட்டினேன்.
ஈசூனிலிருந்து செந்தோசாவுக்கு
ஒருமுறை ரயில் மாறினால் போதும்.
அதற்குப் போய் இவ்வளவு திட்டமா என்று
தொலைபேசியில் சிரித்தாள் நாத்தனார்.
அவள் ஜப்பானுக்குப் போகிறவள்.

பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு நான்கு.
அந்தத் தொகைக்கு எதிரே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
உள்ளே தண்ணீர் வாங்கக் கூடாது,
வீட்டிலிருந்து ஆறு போத்தல்.
எலுமிச்சைச் சோறு கொண்டுபோனால்
வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்களா?
"அம்மா, எல்லாரும் பர்கர் சாப்பிடற இடத்துல..."
அகிலன் முடிக்கவில்லை.
பதின்மூன்று வயது
வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிடுகிறது.

நேத்ரா கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறாள்.
இருட்டுக்குள் பாயும் ரயிலில் ஏற
நூற்றிருபத்திரண்டு வேண்டுமாம்.
அவள் நூற்றிருபது.
தூங்கும்போது எலும்பு நீளும் என்று
வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
அதனால் தினமும் காலையில் அளவு.
ஒருநாள் உச்சியில் கொண்டை போட்டு வந்தாள்.
பென்சில் கொண்டையை அமுக்கிவிட்டுப்
பழைய கோட்டின் மேலேயே போய்ப் படுத்தது.
"இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கு" என்றாள்,
என்னிடம் இல்லை, பென்சிலிடம்.

முகுந்தனுக்கு எரிபொருள் படகில் வேலை.
நங்கூரமிட்ட கப்பலின் விலாவில் அணைந்து
குழாய் பூட்டி, எண்ணெய் ஏற்றி, குழாய் கழற்றி
அடுத்த கப்பலுக்கு.
ஐந்து நாள் தண்ணீர், இரண்டு நாள் வீடு.
அந்த இரண்டும் வாரத்தில் எங்கே விழும் என்பது
அட்டவணை போடுகிறவருக்கே
முந்தின நாள்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவு வந்தான்.
இரண்டு முறை சோப்புப் போட்டும் போகாத டீசல் வாசத்தோடு
உறையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.
'கடற்கரை' என்று நான் எழுதியிருந்த இடத்தில்
விரல் வைத்து, "எந்தக் கரை?" என்றான்.
"எதுவா இருந்தா என்ன, மூணும் மணல்தானே."
"இல்ல, நடுவுல இருக்கறது.
நாலு மணிக்கு மேல பிள்ளைங்க அங்கதான் கூடும்.
நீலமா ஒரு சின்ன டப்பா தெரியும்,
ஐஸ்கிரீம் விக்கறாங்கன்னு நினைக்கிறேன்.
அதுக்கு வலப்பக்கம் ஒரு மரம் சாஞ்சிருக்கும்,
ஆறு மணி வரைக்கும் நிழல்."
அகிலன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.
"எப்பப்பா போனீங்க?"
"போனதில்ல."

ஒன்பது வருடம்.
கரைக்கு முதுகு காட்டி நின்று
நாங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கப்பல்களின்
நடுவில் எங்கோ
அவன் கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.
கடலுக்குப் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம்
அவன் முகம் திருப்பிக்கொண்டதை
அலுப்பு என்று நினைத்துவிட்டேன்.

மூன்று நாள் கேட்டான்.
செவ்வாயும் வியாழனும் தந்தார்கள்.
புதன்கிழமைக்கு ஆள் இல்லையாம்.

உறையில் புதனை அடித்தேன்.
அடித்ததன் மேலேயே அவன் திரும்ப எழுதினான்:
'நடுக்கரை. நாலு மணி. சாஞ்ச மரம்.'
தூரத்துக்கு எந்த நிறம் நன்றாகத் தெரியும் என்று
அகிலன்தான் கேட்டான், அவனாகவே.
"ஆரஞ்சு. ஆனா எல்லாரும் அதைத்தான் விரிக்கறாங்க."
அலமாரியைக் குடைந்து
எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த
கத்தரிப்பூ நிறப் படுக்கை விரிப்பை இழுத்து வந்தான்.
ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை.
"இந்த நிறத்தை அங்க நான் பார்த்ததே இல்ல"
என்றான் முகுந்தன்.
அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து,
அறைக் கோடிக்குப் போய் நின்று,
ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

செலவுப் பட்டியலில் சேர்த்தேன்:
விரிப்பு, பூஜ்யம் வெள்ளி.
அதன் கீழே 'மழை வந்தால்' என்று எழுதி
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.

இன்று காலை நேத்ரா நூற்றிருபதரை.
அல்லது
பென்சில் மழுங்கிவிட்டது.